வெல்லம் போட்ட வாசல்

போன மாதம் எங்கள் தெருவில் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்க ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசலைக் கொஞ்சம் உடைத்து, குழாயை உள்ளே விட்டு, மறுபடி சிமெண்ட் பூசிவிட்டுப் போவதுதான் அவர்கள் வேலை. மற்ற வீடுகளில் காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள். நான் மாடியில் குடியிருக்கும் கோவிந்தராஜுலு வீட்டு வாசலுக்கு வந்ததும் உளி மழுங்கியது. வேறு உளி வந்தது. அதுவும் மழுங்கியது. கடைசியில் ஒருவன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, மாடிப்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்தான்.

"ஏனுங்க டீச்சரம்மா, இதுக்குள்ள என்னத்தைங்க போட்டாங்க?"

"வெல்லம்" என்றேன்.

நான் கிண்டல் செய்வதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழாயை வாசலுக்கு வெளியே வளைத்துக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் விட்டார்கள். நான் சொன்னது நிஜம்தான், ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. அந்த வாசலில் வெல்லத்தோடு முத்தாத்தாளும் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் குழாய் வேலை அன்றைக்கு நடந்திருக்காது.

பாப்பநாயக்கன்பாளையத்தில் இந்த வீட்டு மாடிக்கு நான் குடிவந்தது ஐம்பத்தெட்டில். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் சட்டென்று வரும். என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். வருஷம் முழுக்கக் கத்திய தொண்டைக்குக் கோடை விடுமுறையில்தான் ஓய்வு. மத்தியானம் நன்றாகத் தூங்குவேன். அறுபத்தொன்றாம் வருஷக் கோடையில் அந்தத் தூக்கத்துக்கு வேட்டு வைத்தார்கள். கீழே கடப்பாரையும் சம்மட்டியும் போட்டு வீட்டைச் சுற்றியிருந்த பழைய சிமெண்ட் தளத்தை உடைக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தராஜுலு பம்பு வார்க்கிற பட்டறை வைத்திருந்தார். ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் பம்பு செய்து கொடுப்பவர். அவர் வீட்டுக் கிணற்றுப் பம்பு மட்டும் சதா ரிப்பேரில் கிடக்கும். கேட்டால், "வர்ற வாரம் பாத்துப்போடலாங்க டீச்சரம்மா" என்பார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாரம் வரவில்லை.

அவருக்குக் கல்யாணமான புதிதில் போட்ட தளம் அது. தெருவிலேயே முதல் சிமெண்ட் வாசல். அதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து போனதை அவருடைய மனைவி பங்காரம்மா நேற்று நடந்ததுபோலச் சொல்வார். முப்பது வருஷத்தில் அந்தப் பெருமை பாளம் பாளமாக வெடித்துப் போயிற்று. அடியில் கரிசல் மண். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் சுருங்கிப் பிளக்கும். மேலே பங்குனி சித்திரை வெயில். அது முடிந்த கையோடு பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. ஒரு துண்டு தூக்கிக்கொள்ள, ஒரு துண்டு இறங்க, மழைத் தண்ணீர் வெளியே ஓடாமல் சுவரோரம் தேங்கியது. ராகி காயப் போட்டால் ஒரு படி விரிசலுக்குள் போய்விடும். அதைக்கூட அந்த அம்மாள் பொறுத்துக்கொண்டார். கோலம்தான் அவரை வாட்டியது. மாவுக் கோடு விரிசலில் விழுந்து, எழுந்து, மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கிப் போகும்.

"கோணக் கோலம் போட்டுப் போட்டே எனக்கு வயசாயிப் போச்சு டீச்சரம்மா. சாகறதுக்குள்ள ஒரு நாள் நேர்க்கோலம் போடோணும்" என்பார்.

வேலைக்கு வந்த மேஸ்திரி தேவானந்தம். எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்தான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் சுருதி சேராது. வேலையில் நூல் பிசகாது. பழைய தளத்தைப் பெயர்த்தெடுத்து, அடியில் இருந்த கரிசலை வாரி வெளியே கொட்டி, சரளை மண் நிரப்பி, இடித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் புதுக் காங்கிரீட் போட வேண்டும் என்றார். அவரோடு சில கொத்தாட்களும் சட்டி சுமக்கும் சித்தாள்களும் வந்தார்கள். அதில் ஒருத்தி முத்தாத்தாள்.

ஒடிசலான உடம்பு, நாற்பது வயதிருக்கும். தலையில் சும்மாட்டுத் துணி, கையில் கருப்பட்டிக் காப்பி நிரப்பிய ஒரு தூக்குச் சட்டி. அவளை எல்லோரும் "ஏ சித்தாளு" என்றுதான் கூப்பிட்டார்கள். பங்காரம்மா மட்டும் முதல் நாளே, "உன்ற பேரு என்ன அம்மணி?" என்று கேட்டார். சொன்னதும், "நல்ல பேரு. வா முத்தாத்தா, வெயில்ல நிக்காத, மோரு குடிச்சுப்போட்டுப் போ" என்றார். அதற்கு அவள் முகம் மலர்ந்ததை நான் மேலிருந்து பார்த்தேன்.

அவளுடைய கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சென்னிமலைக்குத் தெற்கே ஒரு ஊர். பிறந்த வீட்டில் தறி. கட்டிக்கொண்டு போன இடத்தில் தோட்டம், அதுவும் வேறு ஒருவருடைய தோட்டம். புருஷன் மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பான். இவள் மண்வெட்டியோடு நின்று அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பி விடுவாள். 'தண்ணி கட்டறது' என்பார்கள் அதை. பிறகு தோட்டத்துக்கு மின்சாரப் பம்பு வந்தது. தோட்டக்காரருக்கு ஒரே ஆள் போதும் என்றாயிற்று. கோயமுத்தூருக்கு வந்தார்கள். புருஷன் பஞ்சு மூட்டை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாலு நாள் போனால் நாலு நாள் படுத்திருந்தான்.

"அந்தப் பம்பு இந்த வீட்டுச் சொந்தக்காரர் பட்டறையில வார்த்ததாக்கூட இருக்கும்" என்றேன், வாய் சும்மா இராமல்.

அவள் சிரித்தாள். "இருக்குமுங்க. நல்ல பம்புங்க டீச்சரம்மா, கொட்டோ கொட்டுன்னு கொட்டுமுங்க."

காலையில் ஆள் பிடிக்கிற முக்கு ஒன்று உண்டு. மேஸ்திரிகள் வந்து, "நீ வா, நீ வா" என்று கை நீட்டுவார்கள். நீட்டினால் வேலை, நீட்டாவிட்டால் வெயில் ஏறியதும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வருஷக்கணக்காக அந்த முக்கில் நின்றவள் முத்தாத்தாள். அந்தக் கோடையில் தேவானந்தத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டட வேலை கிடைத்திருந்தது. முடிய எத்தனையோ வருஷம் ஆகும். "இந்த வாசல் வேலை முடியட்டும். உன்னை அங்க தண்ணி விடறதுக்கு நிரந்தரமா வெச்சுக்கறேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். புதுக் காங்கிரீட் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும்.

"இனி முக்குல நிக்க வேண்டாமுங்க" என்று என்னிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். எனக்கு ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொன்னால் எரிச்சல் வரும். அவள் சொன்னபோது வரவில்லை.

வீட்டின் பின்புறமும் பக்கங்களும் ஒழுங்காகப் போட்டு முடித்தார்கள். மறுநாளே மேலே நடக்கலாம் போல இறுகின. படிக்கு எதிரே இருக்கிற முன்வாசலைக் கடைசியாக வைத்திருந்தார்கள், பங்காரம்மா கோலம் போடுகிற இடம் அதுதான். அங்கேதான் வெல்லம் விழுந்தது.

வெல்லத்தைப் போட்டது பங்காரம்மா. இப்போதே சொல்லிவிடுகிறேன்; மர்மக்கதை எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அவர் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவர். அப்பா வீடு சுண்ணாம்பில் கட்டியது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை விட்டு அரைத்த சுண்ணாம்பு. சுவரில் ஆணி இறங்காது. கட்டிக்கொண்டு வந்த வீட்டிலோ பட்டறை. வார்ப்படத்துக்கான மண் அச்சு உதிராமல் நிற்பதற்கு அங்கே மண்ணில் வெல்லப்பாகு பிசைவார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்தவர் அவர். வெல்லம் பட்டதெல்லாம் கல்லாகும்போது இந்த வாசல் மட்டும் ஆகாதா? யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஆண்கள் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். முன்வாசல் போடுகிற அன்று காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னால், காங்கிரீட் கலக்கத் தண்ணீர் நிரப்பியிருந்த டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, இரண்டு உருண்டை வெல்லத்தை உள்ளே போட்டார். பிறகு தங்கை மகள் கல்யாணத்துக்காக டிரங்குப் பெட்டியோடு பொள்ளாச்சி பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

கிணற்றடியில் கயிறும் கையுமாக நின்ற முத்தாத்தாள் இதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு நான் மேலே பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தேவானந்தம் வந்து முன்வாசலில் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. "காத்து ஈரமா இருந்திருக்கும்" என்றார். வைகாசியில் கோயமுத்தூர்க் காற்றில் ஏது ஈரம்? அதற்கு மறுநாளும் விரல் உள்ளே போயிற்று. பக்கத்துத் தளங்களெல்லாம் கல்லாகி நிற்க, இது மட்டும் பிசைந்த மாவாகவே கிடந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் கொத்தாள் ஒருவன் டிரம்மைக் காட்டினான். அதன் விளிம்பிலும் அடியிலும் எறும்பு கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது.

தேவானந்தம் டிரம்முக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். இனித்தது.

"இனிப்பு பட்டா சிமெண்ட் செத்துப்போகும்" என்றார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கண் முத்தாத்தாளின் தூக்குச் சட்டியில் போய் நின்றது.

"கருப்பட்டிக் காப்பிச் சட்டிய இதுலதான் கழுவுனியா?"

முத்தாத்தாள் டிரம்மைப் பார்த்தாள். பிறகு வீட்டின் சாத்திய கதவைப் பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம்பி உன்கிட்டத் தண்ணியக் குடுத்தேன் பாரு! இந்த வேலையோட சரி. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துராத. வேற மேஸ்திரி யாராச்சும் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. மாடிப்படியிலிருந்தே கத்தினேன். "ஏங்க மேஸ்திரி, ஒரு சட்டி கழுவின தண்ணியில ஒரு வாசல் கரையுமா? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க!"

"டீச்சரம்மா, இது கணக்குப் பாடம் இல்லீங்க" என்றார் அவர். முத்தாத்தாள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. வாயைத் திறந்து 'நான் செய்யவில்லை' என்று சொல்ல ஒரு மனுஷிக்கு என்ன கேடு?

கோவிந்தராஜுலு தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் சிமெண்டுக்குப் பர்மிட் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். "அவ பொள்ளாச்சியிலிருந்து வந்து கேட்டா நான் என்னங்க பதில் சொல்லுவேன்?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், பங்காரம்மா வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டே உடைப்பது என்று முடிவாயிற்று. தேவானந்தம் ஆட்களை அழைத்துக்கொண்டு போனார். முத்தாத்தாள் போகவில்லை.

"ஏனுங்க, உடைக்கற வரைக்கும் நான் இதுக்குத் தண்ணி விடறேனுங்க" என்றாள்.

"செத்ததுக்கா தண்ணி ஊத்துவ?" என்றார் கோவிந்தராஜுலு. பிறகு, "என்னமோ செய்" என்று பட்டறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே காற்று வந்துவிட்டது. கணவாய்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கொடியில் போட்ட சேலை அடுத்த தெருவில் கிடக்கும். வெயிலும் குறையாது, ஈரம் எங்கே இருந்தாலும் உறிஞ்சிவிட்டுப் போகும். அந்தக் காற்றிலிருந்து இறுகாத ஒரு வாசலைக் காப்பாற்ற ஒருத்தி உட்கார்ந்தாள்.

புழக்கடையிலிருந்து வாழை இலைகளை அறுத்து வந்து முதலில் வாசல் முழுக்கப் பரப்பினாள். அதன்மேல் நனைத்த சாக்குகள். சாக்கின் ஓரங்களில் உடைத்த பழைய தளத்தின் துண்டுகளைப் பாரமாக வைத்தாள். கிணற்றிலிருந்து கயிறு போட்டு இறைத்து வந்து, குடத்தைக் கவிழ்க்காமல் கையால் அள்ளி அள்ளித் தெளித்தாள். "நட்ட நாத்து மேல குடத்தோட ஊத்துவாங்களாங்க?" என்றாள், நான் கேட்காமலேயே. தெளித்து முடித்து மறுகோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடி வெளுக்கும். மறுபடி கிணற்றடி. ராட்டினம் கிரீச்சிடுகிற சத்தத்தில் என் மத்தியானத் தூக்கம் அந்த வருஷத்துக்கு முடிந்துபோயிற்று.

தெருவுக்கு நல்ல வேடிக்கை. "அல்வா வாசல்" என்று பேர் வைத்துவிட்டார்கள். "ஏம்மா, வெந்துருச்சா? ஒரு துண்டு குடு" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஒருவன் அதற்கப்புறம் இந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

"எதுக்கு இப்படிச் சாகற? நாளைக்கு வந்து உடைக்கத்தான் போறாங்க" என்று அவளைத் திட்டினேன்.

"உடைக்கற வரைக்கும் உசுரோட இருக்கட்டுமேங்க" என்றாள்.

திட்டிவிட்டு மேலே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் காற்று ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. அவள் குடத்தை வைத்துவிட்டு அதன் பின்னால் ஓடுகிறாள். அதற்குள் இன்னொன்று எழும்புகிறது. எனக்கே தெரியாமல் கீழே இறங்கிப் போய், தளத்துக்கு வெளியே நீண்டிருந்த அந்தச் சாக்கின் ஓரத்தில் ஏறி நின்றேன். கணக்கு டீச்சர் தெருவே பார்க்கச் சாக்கின்மேல் நிற்கிறாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் நானும் தண்ணீர் இறைத்தேன்.

தினமும் காலையில் வந்ததும் ஒரு ஓரத்தில் சாக்கையும் இலையையும் விலக்கி, உள்ளங்கையை வாசல்மேல் வைத்துப் பார்ப்பாள். பிறகு மூடிவிடுவாள். ஒரு நாள் காலை மூடவில்லை. கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சரம்மா, சித்த வந்து தொட்டுப் பாருங்க."

தொட்டேன். அத்தனை நாளும் தவளை முதுகுபோலச் சில்லென்று கிடந்த தளம், ஈரச் சாக்குக்கு அடியில், வெயில் ஏறாத அந்த நேரத்தில் கதகதவென்றிருந்தது. உள்ளேயிருந்து சூடு வந்தது. நான் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். விரலால் அழுத்தினேன். விரல் போகவில்லை.

"காச்சல் கண்டிருக்குதுங்க" என்றாள், பக்கத்தில் யாரோ தூங்குகிறதைப்போல மெதுவாக. "உசுரு இருந்தாத்தானுங்க காச்சல் வரும்."

எத்தனையோ வருஷமாக ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன். அன்றைக்கு அந்தச் சாக்கின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தபோது வந்த மாதிரி ஒரு பயபக்தி எனக்கு வந்ததில்லை. இதைச் சொல்வதற்காகப் போதகர் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எங்கள் பள்ளி ரசாயன டீச்சர் பின்னால் விளக்கம் சொன்னாள்: சர்க்கரை சேர்ந்தால் சிமெண்ட் செத்துப்போவதில்லை, இறுகுவது தள்ளிப்போகிறது, அதுவரை காயாமல் காத்தால் நன்றாகவே இறுகும், இறுகும்போது சூடு விடும் என்று. இருக்கட்டும். காயாமல் காத்தது யார் என்பது ரசாயனத்தில் இல்லை.

தளம் இறுகிவிட்டதைக் கோவிந்தராஜுலுவிடம் சொன்னேன்; அவர் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் பங்காரம்மா வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருகிற அன்று காலையே தேவானந்தம் ஆட்களோடும் கடப்பாரைகளோடும் வந்துவிட்டார். பட்டறைக்குப் போகாமல் கோவிந்தராஜுலுவும் நின்றார். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். முத்தாத்தாள் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றாள். "மேஸ்திரிங்க, ஒருக்கா தொட்டுப் பாருங்க" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

குதிரை வண்டி வந்து நின்றது. பங்காரம்மா தேங்காய் மூட்டையும் வெல்ல மூட்டையுமாக இறங்கினார். சாக்கு மூடிய வாசலையும் கடப்பாரைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது?"

"அது வந்து, வாசல் இறுகல" என்றார் கோவிந்தராஜுலு. "இந்தச் சித்தாளு டிரம்முல காப்பிச் சட்டியக் கழுவிப்போட்டா. இனிப்பு பட்டுச் சிமெண்ட் செத்துப்போச்சாம். நீ ஒண்ணும் வருத்தப்படாத, வேற போட்டுப்போடலாம்."

பங்காரம்மாவின் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அவர் முத்தாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். முத்தாத்தாள் மிக லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்லாதீர்கள் என்கிற ஆட்டம் அது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

பங்காரம்மா வெல்ல மூட்டையைக் கீழே வைத்தார்.

"சட்டியெல்லாம் யாரும் கழுவல. நாந்தான். ரெண்டு உருண்டை வெல்லத்தைப் போட்டேன்" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "உங்க பட்டறையில மண்ணு நிக்குதே, எங்கப்பா ஊட்டுல செவுரு நிக்குதே, என்ற வாசலும் நிக்கட்டும்னு போட்டேன். இவளை வெய்யாதீங்க. உடைங்க மேஸ்திரி. என்ற கண்ணு முன்னாலயே உடைங்க."

தேவானந்தத்துக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று கடப்பாரையைக் கையில் எடுத்தார். முத்தாத்தாள் குனிந்து ஓரத்துச் சாக்கை விலக்கிவிட்டாள்.

கடப்பாரை இறங்கியது. டங்கென்று ஒரு சத்தம். அது அவர் கையிலேயே எகிறிக் குதித்தது. இன்னும் ஓங்கிப் போட்டார். நகத்தால் கீறினாற்போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அவ்வளவுதான். தேவானந்தம் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு மண்டியிட்டு, வாசலில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார்.

"கர்த்தாவே" என்றார்.

எழுந்ததும் முத்தாத்தாளிடம் போய்க் கை கூப்பினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு சத்தமாக, "திங்கக்கிழமை ஆஸ்பத்திரி வேலைக்கு வந்துரும்மா" என்றார்.

எந்த வேலைக்காக அத்தனை நாளும் ஆசைப்பட்டாளோ, அந்த வேலை அவள் காலடியில் வந்து நிற்கிறது. அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு இன்னுங் கொஞ்ச நாள் தண்ணி கட்டோணுமுங்க. இது குடிச்சு முடியட்டுங்க, வாரேனுங்க."

போனாள். அந்த ஆஸ்பத்திரி முழுக்க அவள் கையால் தண்ணீர் குடித்த தளம்தான். இப்போதும் அங்கே ஏதாவது கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அவளும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறாள். முக்கில் அவளை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. பங்காரம்மாவும் நினைத்தபடி நேர்க்கோலம் போட்டார். இன்று காலையும் போட்டிருக்கிறார்.

ஆனால் கடப்பாரை குதித்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஆட்கள் போய்விட்டார்கள். முத்தாத்தாள் சாக்குகளையெல்லாம் எடுத்துவிட்டு, வாசலைச் சுற்றியும் குறுக்கிலும் களிமண்ணால் வரப்புக் கட்டி, தோட்டத்தில் கட்டுகிற மாதிரியே பாத்தி பாத்தியாகத் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருந்தாள். படியில் உட்கார்ந்தேன். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அத்தனை பேர் முன்னால உன்னைத் திருடியைக் கேக்கற மாதிரி கேட்டாங்க. வேலையே போச்சு. அந்தம்மா போட்டதைக் கண்ணால பார்த்திருக்க. ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

அவள் வரப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தம்மா அதைக் கண்ணை மூடிச் சாமியக் கும்பிட்டுப் போட்டாங்க டீச்சரம்மா. அவங்க போட்டுத்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போட்டா, அப்புறம் புது வாசலே வந்தாலும் அதுல அவங்களுக்குக் கோலம் போடக் கை வருமுங்களா? எனக்கு இந்த வேலை போனா முக்குல நிப்பேன், இன்னொரு வேலை வருமுங்க." ஈரக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்கு இந்த ஒரு வாசல்தானுங்களே."

சொல்லிவிட்டு, ஒரு பாத்தியில் தண்ணீர் கசிகிறது என்று களிமண் எடுக்க எழுந்து போனாள்.